அஞ்சு வாரத்து வழி

முதலில் எனக்குத் தப்புப் பண்ணினவன் அர்த்தநாரி. பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க தம்பி. மற்றவர்கள் எல்லாம் அவனுக்குப் பின்னால்தான். ராக்கியண்ணன், சிக்கந்தர், இந்த மெஸ் நடத்துகிற பாவாயி, எல்லாரையும் நான் மனதில் வரிசைப்படி வைத்திருக்கிறேன். வரிசையில் முதல் ஆள் அர்த்தநாரி.

உங்க கார் நாலு மணிக்குத்தான் கிடைக்கும் என்று சிக்கந்தர் சொன்னான் இல்லையா? கதவில் ஒரு கீறல். பட்டி வைத்துத் தேய்த்து பெயிண்ட் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? காலையில் பதினொரு மணிக்கு விட்ட வண்டி. பட்டி காயணும் என்று சொல்லியிருப்பான். பட்டி எப்போதோ காய்ந்தாச்சு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் ஷெட்டைப் பாருங்க. ஒரு பெரிய பலகையைச் சுற்றி நாலு பேர் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்களா? இந்தக் கல்லாவில் பாவாயி இருக்கிறாளா? மருமகளை உட்கார வைத்துவிட்டு அவளும் அங்கேதான் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் அங்கே ஆட்டம். சீட்டு இல்லை, காசு வைத்து ஆடுவதும் இல்லை. அது வேற ஆட்டம். என் ஆட்டம்.

டீ ஆறுகிறது, குடிங்க. இருக்கிறது இன்னும் ஒரு மணி நேரம்.

லாரியை விட்டு இறங்கின பிறகு ரெண்டு வருஷம் பெங்களூரில் ஒரு பெரிய குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழ்த்தளத்து ஹாலில் அஞ்சாறு கம்ப்யூட்டர்காரப் பையன்கள் கூடுவார்கள். மேஜை நடுவில் பகடை. ஒருத்தன் மட்டும் தன் முன்னால் ஒரு அட்டையை நிறுத்திவைத்து, அதற்குப் பின்னால் உட்கார்ந்து கதை சொல்லுவான். பாஷை எனக்குப் புரியாது. ஆனால் கதவோரம் நின்று பார்த்தால் முகம் புரியும். அதில் ஒரு திண்டுக்கல் பையன் எனக்கு விளக்கிச் சொன்னான்.

விஷயம் சின்னதுதான். ஒருத்தர் கதை சொல்லுவார். மற்றவர்களுக்குக் கதைக்குள்ளே ஆளுக்கு ஒரு ஆள் உண்டு. ஒருத்தன் வில்லாளி, ஒருத்தன் திருடன், இப்படி. காட்டு வழியில் புலி நிற்கிறது, நீ என்ன பண்ணுகிறாய் என்று கதைக்காரர் கேட்பார். ஓடுகிறேன் என்பான், இல்லை வெட்டுகிறேன் என்பான். பகடையை உருட்டணும். பெரிய எண் விழுந்தால் புலி சாகும். சின்ன எண் விழுந்தால் இவன் பாடு திண்டாட்டம். வாரா வாரம் விட்ட இடத்திலிருந்து போய்க்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் போகும்.

அந்தப் பையன்களுக்கு இருந்த ஒரே தொல்லை, ஆள் வராததுதான். ஒருத்தன் வரவில்லை என்றால் அவனுடைய ஆளைக் கதைக்குள் என்ன செய்வது என்று முக்கால் மணி நேரம் பேசுவார்கள். சில நாள் ஆட்டத்தையே விட்டுவிடுவார்கள். சில நாள் அவன் சத்திரத்தில் தூங்குகிறான் என்று வைத்துக்கொண்டு ஆடுவார்கள். எனக்குச் சிரிப்பு வரும். வராதவனைத் தூங்க வைத்தால் அவனுக்கு என்ன பயம் இருக்கும்? நான் நடத்தினால் இப்படி விடமாட்டேன் என்று அப்போதே நினைத்தேன்.

ஊருக்கு வந்தேன், நடத்தினேன். இதே மெஸ்ஸில், நாம் உட்கார்ந்திருக்கிற இதே ஜன்னல் மேஜையில்.

சங்ககிரியில் லாரிக்காரனுக்கு லோடு கிடைக்கிற வரைக்கும் வேறு வேலை கிடையாது. நாலு பேர் சேர்ந்தார்கள். கதையை நான் யாரிடமும் வாங்கவில்லை, எனக்கே வந்தது. மலைக்கோட்டையில் ஒரு ஊர். அந்த ஊரில் உப்பு தீர்ந்துபோய்விட்டது. கடலோரத்திலிருந்து நாற்பது மாட்டு வண்டியில் உப்பு ஏற்றிக்கொண்டு போகணும். வழியில் திருடன், காடு, கணவாய், கடைசியில் ஒரு பெரிய ஆறு. ஆற்றுக்கு அக்கரையில் அந்த ஊர். அர்த்தநாரி வில்லாளி, அவனுக்குக் காய் ஒரு வீல் நட்டு. ராக்கியண்ணன் குதிரைக்காரன், அவனுக்கு பேரிங் குண்டு. சிக்கந்தர் சுவர் ஏறுகிற திருடன், திருந்தினவன், அவனுக்கு பெயிண்ட் டப்பா மூடி. பாவாயி பச்சிலை வைத்தியம் பண்ணுகிறவள், அவளுக்கு ஐம்பது கிராம் எடைக்கல்.

எனக்குக் காய் கிடையாது. கதை சொல்லுகிறவனுக்கு எதற்குக் காய்? பிஸ்கட் பெட்டியைக் கிழித்து மூணு மடிப்பாக ஒரு அட்டை செய்து முன்னால் நிறுத்திவைத்தேன். அதற்குப் பின்னால் குனிந்து பார்ப்பேன். பார்த்துவிட்டு நிமிர்ந்து, "புலி" என்பேன். மூச்சுச் சத்தம் கேட்காது. கதை முழுக்க அட்டைக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் மூணாம் கிளாஸ் தம்பி. ஊர்ப் பேர்ப் பலகை படிப்பேன், அதுவும் போன ஊராக இருந்தால். அவர்களாக நினைத்ததற்கு நான் என்ன பண்ணுவது? நான் பொய் சொல்லவில்லையே.

ரெண்டு ஞாயிறு நன்றாகப் போயிற்று. மூணாவது ஞாயிறு அர்த்தநாரி வரவில்லை.

அவன் சம்சாரம் சம்பூரணத்துக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு ரெண்டு தடவை சேலத்துக்கு டயாலிசிஸ் கூட்டிப்போவான். அந்த வாரம் அங்கே மெஷின் பழுது, ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லிவிட்டார்கள் என்று ராக்கியண்ணனிடம் சொல்லி அனுப்பியிருந்தான். வாரத்தில் ஏழு நாள் இருக்கிறது. மெஷின்காரன் ஞாயிற்றுக்கிழமைதான் வா என்றானாம். சரி, போகட்டும். ஆனால் என்னிடம் சொல்லவில்லை. ராக்கியண்ணனிடம் சொல்லியிருக்கிறான். அதைத்தான் சொல்கிறேன், முதல் தப்பு என்று.

அன்றைக்குத்தான் காட்டு வழியில் திருடர்கள் வந்து விழுகிற இடம். வில்லாளி இல்லை. நான் அட்டைக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னேன்: வில்லாளி திருடர்களைக் கண்டதும் வில்லைப் போட்டுவிட்டு ஓடிப்போனான்.

அடுத்த வாரம் அர்த்தநாரி வந்தான். நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவான் என்று பார்த்தேன். வீல் நட்டை எடுத்து மற்ற காய்களோடு சேர்த்து வைத்துவிட்டு, "சரிங்க மாமா, ஓடிப்போனவன் திரும்பி வந்துட்டான்னு வெச்சுக்கங்க" என்றான். அவ்வளவுதான். என்னை மட்டம் தட்டுகிற பேச்சு அது. உங்களுக்குத் தெரியாது, பதினெட்டு வருஷம் கூட இருந்த எனக்குத் தெரியும்.

ஆமாம், பதினெட்டு வருஷம். ஒரே வண்டி. அவனும் நானும் மாத்து டிரைவர். கவுகாத்தி, இந்தூர், லூதியானா என்று எங்கே போனாலும் ஒருத்தன் ஓட்டுவான், ஒருத்தன் பின்னால் பெர்த்தில் தூங்குவான். எங்களுக்குள்ளே ஒரு வழக்கம் இருந்தது. எங்களுக்குள்ளே மட்டும் இல்லை, ஒழுங்கான டிரைவர் எல்லாருக்கும் உண்டு. தூங்கி எழுந்தவன் ஸ்டீயரிங்கைத் தொடுவதற்கு முன்னால், ஓட்டினவன் வழி சொல்லணும். பிரேக் எப்படிப் பிடிக்கிறது, எந்த டயர் சூடு, எந்தப் பாலத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது, எங்கே மாடு குறுக்கே வந்தது, எல்லாம் சொல்லிவிட்டுத்தான் இறங்கணும். ஏறுகிறவனும் "எங்க இருக்கோம்?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரணும். கேட்காமல் ஏறுகிறவனோடு யாரும் ரெண்டாம் தடவை வண்டி ஏறமாட்டார்கள். அர்த்தநாரி வழி சொல்லுகிற அழகே தனி. அவன் சொன்னால், தூங்கின நாலு மணி நேரமும் நான் கண்ணை விழித்துப் பார்த்துக்கொண்டே வந்த மாதிரி இருக்கும். அவன் ஓட்டும்போது எனக்கு ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. இருப்பதை இருப்பதாகச் சொல்லணும்.

அதை விடுங்க. ஆட்டத்துக்கு வருவோம்.

லாரித் தொழிலில் நாலு பேரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருப்பது எப்போதோதான் நடக்கும். ஒருத்தர் இருந்தால் ஒருத்தர் இல்லை. அதற்காகத்தான் நான் கண்டிப்பாக இருந்தேன். ராக்கியண்ணன் அஸ்ஸாம் லோடு ஏறி மூணு வாரம் வரவில்லை. வந்து பார்த்தால் குதிரையை முதலை கடித்துவிட்டது, குதிரைக்காரன் நடந்து வருகிறான். சிக்கந்தர் மகள் நிக்காஹ் என்று ஒரு வாரம் வரவில்லை, திருடனுக்குச் சுவர் ஏறுகிற கையில் எலும்பு முறிந்தது. அவன் நிக்காஹுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தான், நானும் போய்ப் பிரியாணி சாப்பிட்டேன். அது வேறு, இது வேறு. ஒரு கட்டுப்பாடு வேண்டாமா? இவ்வளவு பண்ணியும் வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள் என்றால், காலம் அப்படி. மனுசனுக்குப் பொறுப்பு இல்லை.

பங்குனியில் சம்பூரணம் போய்ச்சேர்ந்தாள். நல்ல பொம்பளை. எங்கள் வண்டி வருகிற நேரம் தெரிந்து வைத்திருந்து ரெண்டு பேருக்கும் சுடுதண்ணீர் போட்டு வைத்திருப்பாள். காரியத்துக்கு நான்தான் முன்னால் நின்றேன். கருமாதி முடிந்து, அதற்குப் பிறகும் ஒரு வாரம், ஆக மொத்தம் மூணு ஞாயிறு அர்த்தநாரி வரவில்லை. என்னால் என்ன பண்ணமுடியும்? ஒருத்தனுக்கு ஒரு நியாயம், இன்னொருத்தனுக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடும். வில்லாளியைப் பிடித்துக் கோட்டைச் சிறையில் போட்டேன்.

நாலாவது ஞாயிறு தாடியோடு வந்து உட்கார்ந்தான். சொன்னேன். வீல் நட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டான்.

"எத்தனை நாளா மாமா உள்ள இருக்கான்?"

"மூணு வாரம்."

"சாப்பாடு குடுத்தாங்களா?"

நான் அதை யோசிக்கவில்லை. அட்டைக்குப் பின்னால் குனிந்தேன். அதற்குள் பாவாயி, "நான் தெனமும் கொண்டுபோய்க் குடுத்தேண்ணா, காவக்காரனுக்கு மருந்து போட்டுக் கையில வெச்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டாள். யார் சொன்னார்கள் அவளைச் சொல்லச்சொல்லி? கதை சொல்லுகிறவன் நான் இருக்கிறேன். அர்த்தநாரி அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அன்றைக்கு ஆட்டம் பூராவும் அவர்கள் நாலு பேரும் ஒரு பக்கமாகவும் நான் ஒரு பக்கமாகவும் இருந்த மாதிரி எனக்குப் பட்டது. பாவாயி எப்போதும் என் டீயில்தான் கூட ஒரு ஏலக்காய் போடுவாள். அன்றைக்கு அவனுக்கும் போட்டாள்.

அதற்கப்புறம் ஆடியில் எனக்குக் கண் ஆபரேஷன். வலது கண்ணில் புரை. ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப்போனது அர்த்தநாரிதான். பஸ்ஸில் ஜன்னல் சீட் கொடுத்தான், ரெண்டு ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்தான், சொட்டு மருந்து போட்டுவிட்டான். அப்போதே திட்டம் போட்டிருக்கணும். டாக்டர் சொன்னார், அஞ்சு வாரம் புழுதியில் போகக்கூடாது, குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. எங்கள் ஊரில் புழுதி இல்லாத இடம் என் கட்டில் ஒன்றுதான்.

நாலு பேரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். நான் வருகிற வரைக்கும் ஆட்டம் இல்லை. வண்டிகள் கணவாயிலேயே நிற்கட்டும். ரெண்டு பகடையையும் சட்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பகடை இல்லாமல் என்ன ஆடுவார்கள்?

புளியங்கொட்டையில் ஆடியிருக்கிறார்கள் தம்பி.

பொம்பளைகள் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கித் தாயம் ஆடுவார்களே, அந்தப் புளியங்கொட்டை. பாவாயி வீட்டில் மூட்டையாகக் கிடக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. நாலாவது வாரம் கட்டிலில் கிடக்க முடியாமல், கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் நடந்து வந்தேன். வெளியே ஒரு டேங்கர் நின்றிருந்தது. அதன் பின்னால் நின்று பார்த்தேன். சும்மா நின்றேன், ஒளிந்து நிற்கவில்லை.

என் நாற்காலியில் அர்த்தநாரி.

என் அட்டை மடித்துச் சுவரோரமாகச் சாத்தி வைத்திருக்கிறது. அவன் முன்னால் ஒன்றும் இல்லை. மறைப்பே இல்லாமல், ரெண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு கதை சொல்லுகிறான். ராக்கியண்ணன் அந்த அட்டையைக் காட்டி, "அண்ணன் இதுக்குப் பின்னால எழுதி வெச்சிருப்பாருன்னு ரெண்டு வருசமா நெனச்சேன், திருப்பிப் பாத்தா ஒண்ணுமே இல்ல" என்றான். இதை என் காதால் கேட்டேன். அப்புறம், எல்லாத்தையும் தலைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார் பாரு என்றோ என்னவோ சொன்னான். அது சரியாகக் கேட்கவில்லை. ஒண்ணுமே இல்லை என்றது மட்டும் நன்றாகக் கேட்டது.

சிக்கந்தர் ஒரு பழைய லாரிப் பின்பலகையைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டிருந்தான். அதில் பெயிண்டில் வரைந்திருக்கிறான். கடல், காடு, கணவாய், நாற்பது வண்டி, ஒவ்வொரு வண்டிக்கும் ரெண்டு மாடு. மாட்டுக் கொம்புக்குக்கூட நிறம் கொடுத்திருக்கிறான். நான் ரெண்டு வருஷம் கதை சொன்னேன். எனக்கு அவன் ஒரு கோடு இழுத்ததில்லை.

ஒருத்தரும் வராமல் இல்லை. ராக்கியண்ணன் முந்தின வாரம் விஜயவாடாவில் நின்றிருக்கிறான், அங்கிருந்து ஃபோனிலேயே ஆடினானாம். என் ஆட்டத்துக்கு உள்ளூரில் இருந்துகொண்டே தலைவலி என்பான். அர்த்தநாரியின் முறை வேறு. வராதவன் முன்னால் வழி பார்க்கப் போயிருக்கிறான், அவ்வளவுதான். வந்ததும், "நீங்க போன வழியில என்ன பாத்தீங்க?" என்று கேட்பானாம். வந்தவன் சொல்லணும். ராக்கியண்ணன் கோதாவரியில் பார்த்த வெள்ளத்தை அப்படியே சொல்லியிருக்கிறான், அது கதைக்குள் வந்துவிட்டது. யார் எங்கே போய் வந்தாலும் கதைக்கு ஏதாவது கொண்டுவருகிறான். இது ஒரு முறையா? இப்படி இருந்தால் யார்தான் வரமாட்டார்கள்? அப்புறம் கதைக்காரனுக்கு என்ன மரியாதை?

சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாவாயி கண்ணில் தண்ணீர் வர, முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். என் ஆட்டத்தில் ஒருத்தரும் சிரித்ததில்லை. பயந்தார்கள். பயப்படுவதுதான் சரி என்று நான் இருந்தேன்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று நடந்திருந்தது. கணவாயைத் தாண்டி ஆற்றங்கரைக்கே வந்துவிட்டார்கள். என் ஆறு தம்பி. ரெண்டு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அக்கரையில் உப்புக்குக் காத்திருக்கிற ஊரில் என்ன இருக்கிறது என்று நானே இன்னும் முடிவு பண்ணவில்லை. முடிவு பண்ணாததும் என்னுடையதுதானே?

கரையில் ஒரு காய் தனியாக இருந்தது. ரேடியேட்டர் மூடி. எங்கள் பழைய வண்டியின் மூடி. வண்டியை உடைத்து விற்றபோது அர்த்தநாரி எடுத்து வைத்துக்கொண்டது. அது யார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. சிக்கந்தர், தண்ணீர் குறைவாக இருக்கிறதே, வண்டிகளை இறக்கிவிடலாமா என்று கேட்டான். அர்த்தநாரி வேண்டாம் என்று தலையாட்டினான்.

"இந்த ஆத்துல வழி தெரிஞ்சவரு ஒருத்தருதான். படகுக்காரரு. அவருக்குக் கண்ணு கட்டியிருக்கு, அவுத்ததும் வருவாரு. அவரு இல்லாம யாரும் எறங்க வேண்டாம்."

கண் கட்டின படகுக்காரன். கேட்டீங்களா? என் கண்ணை வைத்து, என் முதுகுக்குப் பின்னால், நாலு பேர் நடுவில். மற்ற மூணு பேரும் சரி சரி என்றார்கள். பாவாயி அந்த மூடிக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் டீ வைத்தாள். கேலிக்குத்தான். வேறு எதற்கு வைப்பாள்?

அஞ்சு வாரம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை வந்தேன். என்னைக் கண்டதும் அர்த்தநாரி எழுந்துவிட்டான். நாற்காலியைத் துண்டால் தட்டி, "வாங்க மாமா, உக்காருங்க. வழி சொல்லிடறேன்" என்றான். முகத்தில் ஒரு சந்தோஷம். களவாடினவனுக்கு வருமே, மாட்டிக்கொண்டதை மறைக்க ஒரு சந்தோஷம், அது.

நான் உட்கார்ந்தேன். அட்டையை எடுத்து விரித்து முன்னால் நிறுத்தினேன். பகடையை எடுத்து வைத்தேன்.

"வழி எதுக்கு? வண்டி ஓடினாத்தானே வழி? இந்த அஞ்சு வாரம் நீங்க ஆடினது எல்லாம் கனவு. நாப்பது வண்டியும் கணவாயிலதான் நிக்குது."

பாவாயிதான் முதலில் கேட்டாள், அப்ப எம்மருந்துல பொழச்ச அந்தப் புள்ளை என்னாச்சு என்று. கரையோரத்தில் ஏதோ மீனவன் குழந்தையைப் பிழைக்க வைத்திருக்கிறாளாம். அதுவும் கனவு என்றேன். ராக்கியண்ணன், கோதாவரி வெள்ளத்தைத் தன் மகளிடம்கூடச் சொல்லியிருக்கிறானாம், அவள் வாரா வாரம் ஃபோனில் கேட்கிறாளாம், இப்போது என்ன சொல்வது என்றான். சிக்கந்தர் பலகையில் ஆற்றின்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தான், பெயிண்ட் காயாத மாதிரி.

அர்த்தநாரி, "சரிங்க மாமா, நீங்க சொல்றதுதான்" என்று சொல்லி, வீல் நட்டை எடுத்துக் கணவாயில் வைத்தான். ரேடியேட்டர் மூடியை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு பாவாயி மட்டும்தான் இருந்தாள். மெஸ் அவளுடையது, எங்கே போவாள்? அதற்கடுத்த ஞாயிறு அவளும் மருமகளைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டிவிட்டாள். நான் ஆட்டத்தை நிறுத்தவில்லை. வருகிறேன், உட்கார்கிறேன். அட்டையும் அதோ இருக்கிறது, தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில்.

ஒரு தடவை வீட்டுக்கு வந்தான் அர்த்தநாரி. வாசலில் நின்றுகொண்டு, படகு எனக்காகத்தான் நிற்கிறது, வந்து ஏறினால் கதை என் கையில், வருகிற வரைக்கும் அவர்கள் கரையிலேயே இருப்பார்கள் என்று சொன்னான். நான் கேட்டேன், "கூப்பிட்டதும் ஓடி வர நான் என்ன உன் மாத்து டிரைவரா?"

"ரெண்டு பேருமே மாத்து டிரைவர்தானுங்க மாமா" என்றான்.

பதில் சொல்லுகிற கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்க. சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தான். நானும் எதாவது கேட்பேன் என்று நின்றானோ என்னவோ. நான் கேட்கவில்லை. எங்கே இருக்கிறோம் என்று கேட்க எனக்கு என்ன தலையெழுத்து? சொல்ல வேண்டியவன் அவன். கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இது ஒன்பதாவது ஞாயிறு. இன்னும் ஆற்றில் இறங்கவில்லையாம். நான் கேட்கவில்லை, பாவாயி மருமகள்தான் டீ வைக்கும்போது சொல்கிறாள். கரையிலேயே ஒரு ஊரைக் கட்டிவிட்டார்களாம். மீனவர்களுக்கு உப்பு கொடுத்துக் கருவாடு போடுகிறார்களாம். ராக்கியண்ணனுக்குப் புதுக் குதிரை. படகுக்காரருக்கு ஒரு குடிசை போட்டு, உள்ளே பாய் விரித்து வைத்திருக்கிறார்களாம். அக்கரையில் ஒரு ஊரே உப்பில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது, இவர்கள் இங்கே பாய் விரித்துக்கொண்டிருக்கிறார்கள். பொறுப்பு இருக்கிறதா பாருங்க. நானாக இருந்தால் இந்நேரம் உப்பு போய்ச் சேர்ந்திருக்கும்.

மணி என்ன? நாலாகப் போகிறதா? சரி, கிளம்புங்க. டீக்கு நீங்க கொடுக்க வேண்டாம், எனக்கு இங்கே கணக்குக் கேட்கமாட்டார்கள்.

ஒரு விஷயம் தம்பி. வண்டி எடுக்க ஷெட்டுக்குள் போவீங்க இல்லையா? போகும்போது அந்தப் பலகையை ஒரு பார்வை பாருங்க. ஆபரேஷன் பண்ணின கண், இங்கிருந்தே சிக்கந்தர் சட்டைப் பொத்தானை எண்ணிவிடுவேன். ஆனால் அர்த்தநாரி முதுகு மறைக்கிறது. ரேடியேட்டர் மூடி இருக்கிறதா, இருந்தால் இந்தக் கரையிலா அந்தக் கரையிலா, அது மட்டும் போதும். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். நீங்க காரில் ஏறும்போது இந்த ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்குங்க. இந்தக் கரை என்றால் இடது கை. நான் இல்லாமல் தாண்டியிருந்தால் வலது கை.

பகடையைக் கொடுத்து அனுப்பலாமா என்று நினைத்தேன். இதோ, பையில்தான் இருக்கிறது. புளியங்கொட்டை எத்தனை நாளைக்கு வரும்? தேய்ந்துபோகும். வேண்டாம், இருக்கட்டும்.

அர்த்தநாரி எதாவது கேட்டால், கேட்கமாட்டான், அப்படிக் கேட்டால் ஒன்று மட்டும் சொல்லுங்க. பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளும் அவன் வழி சொல்லாமல் வண்டியை விட்டு இறங்கினதில்லை. இந்த அஞ்சு வாரத்து வழியை எனக்கு இன்னும் சொல்லவில்லை. அது பாக்கி. பாக்கி வைத்தவன்தான் கொண்டுவந்து கொடுக்கணும், நான் போய்க் கேட்டு வாங்கமாட்டேன். ரோட்டைத் தாண்டி வரச் சொல்லுங்க. நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

எதிர் நாற்காலியை அப்படியே விட்டுவிட்டுப் போங்க. உள்ளே தள்ள வேண்டாம்.